ஈரச் சுவருக்கு ஒரு புனிதர்

சுவர் ஒழுகுகிறது என்று எழுதிக்கொடுத்தேன். வாரியம் ஒரு புனிதரைக் கொடுத்தது.

கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். சிமெண்ட் மூட்டையோடு வருவார்கள் என்று நினைத்து, பின்னறைக் கட்டிலை நகர்த்தித் தரையில் பழைய போர்வை விரித்து வைத்திருந்தேன். அவர்கள் கதவு அகலத்துக்கு ஒரு மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டுத் திருப்பங்களில் அதைத் திருகித் திருகி ஏற்றி, எங்கள் போர்வையிலேயே கால் சேற்றைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். ஈரம் அதிகமான இடத்தில் ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"சுவரு?" என்றேன்.

"அதான் மறைஞ்சிடுச்சே" என்றான்.

நாங்கள் இருப்பது குடியிருப்பு வாரியத்தின் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல் மூலை. நான் பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்குகிறவன். பெல்ட்டில் நல்லது போய்க்கொண்டே இருக்கும். நான் கெட்டதை மட்டும் பார்ப்பேன். பொறுக்கியதில் ஒரு பை வீட்டுக்கு வரும். என் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பக்கத்து வீட்டுத் துணிகளைத் தைக்கிறாள். பின்னறை அவளுடைய அப்பாவுக்கு. மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஊர் டீசல் புகையில் பாதி அவருடைய நெஞ்சில்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

பின்னறைச் சுவருக்குள் மேல்வீட்டுக் கழிவறைக் குழாய் இறங்குகிறது. அது எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கீழே எங்கள் சுவர் வியர்க்கும். மேல்வீட்டுக்காரர் வயிறு சரியில்லாத மனிதர். அதனால் எங்கள் சுவர் காய்ந்ததே கிடையாது.

"ஒண்ணு, சுவரைச் சரி பண்ணுங்க. இல்ல, இவரை அந்த ரூம்லேருந்து வெளிய எடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மருந்தெல்லாம் மூணாவதுதான். இப்படியே விட்டா இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார்."

"முன்னாடி ரூமுக்கு வந்துடுங்க மாமா, நாங்க பின்னாடி படுத்துக்கறோம்" என்று கூப்பிட்டால், "போடா மாப்ள. என் பொண்ணை நாத்தத்துல படுக்க வெச்சிட்டு நான் காத்து வாங்கணுமா?" என்பார். எனவே சுவரைத்தான் நம்பியிருந்தோம். அந்தச் சுவரின் மேல்தான் புனிதர் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று சொல்லக் கூடாது. கட்டிப்போட்டிருந்தார்கள். அது அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு மத ஓவியத்தின் அச்சு நகல். ஒரு மனிதரை மரப்பலகையில் கிடத்தி உயிரோடு தோலுரிக்கிறார்கள். நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவன் முகத்திலும் கோபம் இல்லை. ஒருவன் காலைப் பிடித்திருக்கிறான். ஒருவன் கத்தி தீட்டுகிறான். ஒருவன் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தோலை இழுக்கிறான், ஈரமான சட்டையைக் கழற்றுவதுபோல. நான்காமவன் உரித்ததை மடித்து வைக்கிறான். பின்னால் முழுக்கத் தங்க நிற வானம். வலது பக்கம் ரோமத் தொப்பியும் சிவப்பு அங்கியும் போட்ட நீதிபதி ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழ் மூலையில் எலி அளவுக்கு இன்னொருவர் மண்டியிட்டிருக்கிறார். படத்துக்குச் செலவு செய்தவராம். அந்தக் காலத்தில் பணிவு தெரிவதற்காகக் கொடுத்தவரைப் பொடியாகத்தான் வரைவார்களாம்.

மாமனார் கட்டிலில் படுத்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, வாழைப்பழம் மாதிரி உரிக்கிறானுங்க?"

"புனிதராம் மாமா."

"அவரு சரி. இவனுங்க யாரு?"

என் மனைவி நூல் கோத்த ஊசியோடு வந்து நின்றாள். "பாவம்ங்க" என்றாள். "மேல ஒரு துணியாவது போத்தி விடலாம்."

இந்தத் திட்டம் எப்படி வந்தது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். வாரியத் தலைவர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போனார். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் மற்ற அறைகளையெல்லாம் நின்றபடி பார்க்க வைத்தார்களாம். இடைக்கால அறையில் மட்டும் மெத்தை போட்ட பெஞ்சு இருந்தது. ஏசியும் இருந்தது. தலைவர் அங்கே கண்ணை மூடி வெகுநேரம் ஆழ்ந்திருந்தார். விழித்தபோது எதிரே அம்புகள் குத்திய ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்க ஓட்டை, ஆனால் ஒரு முணுமுணுப்பு இல்லை. குடியிருப்பவர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தலைவருக்கு அந்த இடத்திலேயே பட்டது. ஊர் திரும்பியதும் 'இல்லந்தோறும் மேன்மை' பிறந்தது. வரைந்தவர்களின் பெயரே யாருக்கும் தெரியாததால் உரிமை கேட்டு வழக்குப் போட வாரிசும் இல்லை. பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர்களையெல்லாம் மேன்மைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கையிலிருந்த சுத்தியல் அப்படியே பயன்பட்டது.

எங்கள் கட்டடத்தில் யாரும் தப்பவில்லை. ஓட்டை ஜன்னல்காரருக்கு அம்பு குத்தியவர். விளக்கு எரியாத மாடிப்படிக்குத் தன் கண்கள் இரண்டையும் தட்டில் ஏந்திய பெண். கேஸ் கசிகிறது என்று புகார் கொடுத்த வீட்டு அடுப்புக்கு மேலே, இரும்புச் சல்லடையில் வறுபடும் ஒருவர். மேல்வீட்டுக்காரரின் கழிவறையில் நரகத்தின் வாய் மாட்டப்பட்டது. "உள்ள போய் உக்காந்தா ஒருத்தன் முழுங்கற மாதிரியே பாக்கறான் தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னார். "பயத்துல இன்னும் ரெண்டு தடவை கூடுதலா போகுது."

எங்கள் சுவர் அதற்கேற்றபடி வியர்த்தது.

முதல் ஆய்வுக்கு மேன்மை அலுவலர் வந்தார். மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். கூடவே ரசமட்டத்தோடு ஒரு கிளார்க். படம் நேராக இருக்கிறதா என்று கிளார்க் மட்டம் வைத்துப் பார்த்தான். படம் நேர்தான், சுவர்தான் உப்பிப்போய்க் கோணலாக இருக்கிறது என்றான். மேடம் அதைக் கேட்காத மாதிரி எங்கள் மூவரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"பாருங்க" என்றார்.

பார்த்தோம்.

"பாத்தாச்சு மேடம்" என்றேன்.

"இது பாக்கறது இல்ல. உள்ள போய்ப் பாருங்க."

"உள்ள போனா நம்மளையும் உரிச்சிடுவானுங்க மேடம்" என்றார் மாமனார். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. என் மனைவி அவர் முதுகைத் தடவினாள்.

"மேடம், அந்தப் படத்துக்குப் பின்னாடி கையை வெச்சுப் பாருங்க. தண்ணி ஓடுது. அப்பாவுக்கு நெஞ்சு முடியல" என்றாள்.

மேடம் கனிவாகத்தான் பேசினார். "உங்க பிரச்சினை என்னன்னு சொல்லட்டுமா? நீங்க எப்பவும் சுவரையே பாக்கறீங்க. நான் இந்த வாரியத்துல சேர்ந்த நாளிலேருந்து ஒரு சுவரைக்கூடத் திரும்பிப் பார்த்தது கிடையாது. எனக்கு ஏதாவது குறை இருக்கா சொல்லுங்க? மனசு மேல போகணும்மா. மேல போயிட்டா ஈரம் கீழேயே நின்னுடும்."

போகும்போது உடைந்த பிஸ்கட்டில் இரண்டு கைப்பிடி எடுத்துக்கொண்டார்.

மழை வலுத்தது. நகல் என்பது அட்டைமேல் ஒட்டிய காகிதம்தான். அது முதலில் புடைத்தது. பிறகு தங்க வானத்தில் பழுப்புத் திட்டு ஒன்று மேலிருந்து இறங்கியது. பொடிப்பொடியாக வெடிப்புகள். புனிதரின் தோளில், தோல் இல்லாத இடத்தில், பச்சையாகப் பூஞ்சணம் முளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்கிற வகை. கிட்டப் போனால் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. வாரியச் சொத்தைப் பாழாக்கிவிட்டோம், வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எனக்குப் பயம். வேறொரு படம் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். மறுநாளே மேடம் வந்துவிட்டார். கூடவே கலை வல்லுநர் ஒருவர்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வல்லுநர் கையை உயர்த்தி நிறுத்தினார். படத்துக்கு ஒரு சாண் அருகில் மூக்கைக் கொண்டுபோனார். கண்ணை மூடி இழுத்தார்.

"என் உயிரே" என்றார்.

மேடம் குழம்பி, "கெட்டுப்போச்சுங்களா சார்?" என்றார்.

"கெட்டுப்போச்சா? மத்த வீடுகள்ல மாட்டியிருக்கீங்களே, அதெல்லாம் பிணம். நேத்து அச்சடிச்ச பளபளப்பு. இதைப் பாருங்க. இந்த வெடிப்பு, இந்தப் பழுப்பு! அசலுக்கு இது வர அறுநூறு வருஷம் ஆச்சு. இந்தக் குடும்பம் ஒரே மழைக்காலத்துல பண்ணியிருக்கு. இது நகல் இல்ல மேடம். இது மூச்சு விடுது."

"நான்தான் விட முடியல" என்றார் கட்டிலிலிருந்து மாமனார்.

வல்லுநர் கட்டைவிரலால் புனிதரின் முகத்தைப் பக்தியோடு தடவினார். முகம் விரலோடு வந்துவிட்டது. கண், மூக்கு, தாடி எல்லாம் சாம்பல் நிறக் கூழாக விரல்மேல் இருந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

"தாது உப்பு" என்றார், சப்புக்கொட்டி. "கொஞ்சம் கசப்பு."

இதற்குமேல் சும்மா இருப்பது பாவம் என்று தோன்றியது. "சார், அது மேல்வீட்டுக் கக்கூஸ் தண்ணி" என்றேன்.

கிளார்க் ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வல்லுநர் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். துப்பினால் தான் வல்லுநர் இல்லை என்று ஆகிவிடும். விழுங்கினார். விழுங்கிய பிறகு அவருக்கு ஒரு கோட்பாடு இல்லாமல் முடியாது.

"இடைக்காலத்துல சாக்கடை எங்க ஓடுச்சு தெரியுமா? தெருவுல. வாசல்ல. அந்தக் காத்துலதான் இந்த ஓவியமெல்லாம் பழுத்துச்சு. நாங்க ஆராய்ச்சிக்கூடத்துல டீ டிகாஷன் தடவிப் பார்த்தோம், வரல. இப்பத்தானே தெரியுது ஏன்னு." என் தோளைத் தட்டினார், அதே கையால். "இவர் சொன்னது புகார் இல்ல. ஆதாரம்."

எங்கள் வீடு மாதிரி இல்லம் ஆனது.

மாதிரி இல்லத்துக்கு விதிகள் உண்டு. பின்னறை ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஃபேன் போடக் கூடாது. சுவரில் ஈரமானி ஒன்றை ஆணியடித்து மாட்டினார்கள். முள் கீழே இறங்கினால் எங்களுக்குக் கண்டிப்பு. பார்வையாளர் வரிசைக்காக முன்னறையில் கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். அதில் எங்கள் கட்டில் போய்விட்டது. நானும் மனைவியும் சமையல் மூலையில் தரையில் படுத்தோம். அந்த வாரம்தான், என்றோ எழுதிப்போட்டதற்குப் பதிலாக, குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் தானாக வந்தார். பழுதுபார்க்கும் பிரிவில் மாற்றலுக்குத் தப்பிய கடைசி ஆள். பையிலிருந்து குழாய்த் துண்டுகூட எடுத்துவிட்டார். மேடம் ஓடிவந்து, கலைச்சொத்தைச் சேதப்படுத்த முயன்றதாக அவரைக் கீழே அனுப்பினார்.

மேல்வீட்டுக்காரருக்குப் 'புரவலர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதைக் கழிவறையில் நரகத்தின் வாய்க்குப் பக்கத்தில் மாட்டினார். வயிற்றுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று வல்லுநர் அவரிடம் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொண்டார். மனுஷன் கூச்சப்பட்டாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தார். "நாற்பது வருஷமா கணக்கு எழுதினேன் தம்பி, ஒருத்தன் ஒரு பேப்பர் தரல" என்றார்.

பிறகு அவர் தங்கை வீட்டுக்கு ஊருக்குப் போனார். சுவர் காய ஆரம்பித்தது. மாமனார் ஒரு நாள் முழுக்க இருமாமல் தூங்கினார். எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டார். என் மனைவி தையலை நிறுத்திவிட்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஈரமானியின் முள் இறங்கியது. மேன்மைப் பிரிவில் அவசரக் கூட்டம் போட்டார்கள். அடுத்த நாள் காலை அந்தக் கிளார்க் மேல்வீட்டு மாற்றுச்சாவியோடு வந்தான். கையில் கையெழுத்திட்ட உத்தரவு. கூட்டத்தில் எல்லோருக்கும் இளையவன் அவன்தான்.

"என்னப்பா, மேல என்ன வேலை?" என்று மாமனார் கேட்டார்.

"ஆபீஸ் வேலை ஐயா" என்றான், தரையைப் பார்த்து.

அலுவலக நேரத்தில் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் வரவில்லை என்றால் மேடம் மாற்று ஆள் அனுப்பினார். சுவர் மறுபடி வியர்த்தது. மாமனார் மறுபடி இருமினார்.

பார்வையாளர்கள் வந்தார்கள். மற்ற வாரியங்களின் அலுவலர்கள், அவர்களின் மனைவிமார்கள், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி "ஆஹா" என்று சொல்லத் தெரிந்தவர்கள். மாமனார் முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "உள்ள போங்க, உள்ள போங்க, வாசப்படியில நிக்காதீங்க. சில்லறையா குடுங்க. அடுத்த ஸ்டாப் சுடுகாடு" என்பார். வந்தவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. வற்றிய கன்னம், குழிந்த கண், துருத்திய விலா எலும்பு. படத்துக்கு ஏற்ற கிழவர் என்று ஒருவர் பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார். வாரியத்தின் அடுத்த வெளியீட்டில் மாதிரி இல்லத்தின் புகைப்படம் கட்டிலோடும் கிழவரோடும் சேர்ந்தே வந்தது.

கொஞ்ச நாளில் கண்டக்டர் பேச்சு நின்றது. பேச மூச்சு போதவில்லை. டாக்டர் வந்து கதவருகிலேயே நின்று, "இன்னும் இவரை இங்கேயா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சிவப்புக் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். இரண்டு கம்பங்களைப் பிடுங்கி மாடிப்படியில் போட்டாள். அப்பாவைத் தோளில் சாய்த்து முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலடியில் படுக்க வைத்தாள்.

மறுநாள் மேடம் வந்தார். பின்னறையை எட்டிப் பார்த்தார். "கட்டில் காலியா இருக்கே?"

"எங்க அப்பா மேடம். பூந்தொட்டி இல்ல, ஒரே இடத்துல வெக்கறதுக்கு" என்றாள் மனைவி.

"கோவப்படாதீங்கம்மா. நாங்க அவரை என்ன கேட்டோம்? படுத்திருங்கன்னோம். அவர் ஏற்கெனவே படுத்துத்தானே இருந்தார்? இருமறார். அதுவும் அவரா செய்யறதுதானே? நாங்க ஒண்ணுமே புதுசா செய்யச் சொல்லலயே. ஒரு மனுஷன் கஷ்டப்படறதை அப்படியே கஷ்டப்பட விடறதுதான் எங்க பிரிவோட கொள்கை. தலையிடவே மாட்டோம்."

"அப்பா செத்துடுவார்ங்கறாரு டாக்டர்."

"நாளன்னிக்குத் தலைவர் வர்றார்" என்றார் மேடம். "மாதிரி இல்லம் கலைஞ்சிருந்தா ஒதுக்கீட்டை ரத்து பண்ணணும். நான் பண்ண மாட்டேன், எனக்கு மனசு வராது. அது தானா நடந்துடும்."

மனைவி கதவைச் சாத்தினாள். நாங்கள் இருவரும் எங்கே போவது என்று கிசுகிசுவென்று பேசினோம். அவளுடைய அக்கா வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். தொழிற்சாலை விடுதியில் குடும்பம் சேர்க்க மாட்டார்கள். பேசி முடித்துத் திரும்பியபோது ஜன்னலடி காலியாக இருந்தது. மாமனார் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னறைக்குப் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்திருந்தார்.

"அப்பா, எழுந்திரு."

"சும்மா இரு பாப்பா. ஒரு நாள் ட்ரிப்பு. அந்த ஆளு வந்து பாத்துட்டுப் போயிடுவான். வீடு நிக்கும்." மூச்சு வாங்கினார். "வண்டியைப் பாதி வழியில விட்டு இறங்குற பழக்கம் எனக்கு இல்ல."

தலைவர் வந்தார். அந்தச் சின்ன அறைக்குள் இருபது பேர் நுழைந்தார்கள். ஜன்னல் மூடியிருந்தது. விளக்குகள் வைத்தார்கள். சூட்டில் சுவர் புழுங்கி, பூஞ்சணத்திலிருந்து ஏதோ சொட்டியது. தலைவர் பேசினார்.

"மக்கள் எங்களிடம் கூரை கேட்டார்கள். குழாய் கேட்டார்கள். கேட்டதைக் கொடுப்பது சுலபம். அதைச் சாதாரண நிர்வாகங்கள் செய்துவிட்டுப் போகட்டும். நாங்கள் கேட்காததைக் கொடுத்தோம். வேதனையை எப்படி அழகாக வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தோம். பலன் என்ன? போன வருடம் புகார் கொடுத்தவர்களில் பலர் இந்த வருடம் புகார் கொடுக்கவில்லை. விசாரித்ததில், அவர்களில் பலர் இப்போது இல்லை. இருந்தாலும் எண்ணிக்கை குறைந்தது குறைந்ததுதான்."

மாமனாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அதைக் கைதட்டல் என்று நினைத்துத் தலைவர் தலையை லேசாகச் சாய்த்து, அடங்கும்வரை காத்திருந்தார்.

பேச்சு முடிந்ததும் மேடம் முன்னால் வந்தார். இந்தப் படத்தைப் புதிதாக அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் கொடுக்கப் போகிறோம். அந்தக்கால வழக்கப்படி, கொடுத்தவர் என்ற முறையில், கீழே மண்டியிட்டிருப்பவருக்குத் தலைவரின் முகத்தை வைக்க அனுமதி வேண்டும் என்றார். தலைவர் குனிந்து தேடினார்.

"எங்க?"

"இங்க சார். இந்த மூலையில."

"இதுவா? இது எலி மாதிரி இருக்கு." நிமிர்ந்தார். படம் முழுக்கக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விரல் நீட்டினார். "அவர் யாரு? அந்தத் தொப்பி போட்டவர். நல்லா கம்பீரமா இருக்காரே."

வல்லுநர் லேசாக இருமினார். "அவர் நீதிபதி சார். அவர்தான் இந்த…"

"பின்ன என்ன? நீதிபதி! அவர் ஒருத்தர்தான் ஒழுங்கா உடை போட்டிருக்கார். பதட்டம் இல்லாம நிக்கிறார். என் முகத்தை அங்க வைங்க."

வல்லுநர் வாயை மூடிக்கொண்டார். தலைவர் படத்துக்குள் போய்விட்டால் மற்றவர்கள் வெளியே நிற்க முடியுமா? புனிதருக்கு யார் மிக அருகில் என்பதில் ஒரு தள்ளுமுள்ளு. பதவி வரிசைப்படி ஒதுக்கினார்கள். கத்தியைப் பல்லில் கவ்வியவர்தான் மிகவும் பக்கத்தில் இருந்தார். அந்த இடம் மேடத்துக்குக் கிடைத்தது. அவர் கண்ணில் நீர் தளும்பியது. வல்லுநர் கத்தி தீட்டுகிறவரை எடுத்துக்கொண்டார். கணக்கு அதிகாரி தோலை மடிக்கிறவர். காலைப் பிடிக்கிற இடம் மிச்சமிருந்தது. மேல்வீட்டில் ஆற்றிய சேவைக்காக அதைக் கிளார்க்குக்குக் கொடுத்தார்கள்.

"புனிதருக்கு முகம் இல்லையே?" என்றார் தலைவர்.

அழிந்துபோன இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. தலைவர் திரும்பினார். கட்டிலைப் பார்த்தார்.

"இவர் சும்மாத்தானே இருக்கார்?"

புகைப்படக்காரர் கட்டிலுக்கு மேல் குனிந்தார். "ஐயா, கொஞ்சம் வாயைத் தொறங்க. வலிக்கிற மாதிரி."

"மாதிரியா?" என்றார் மாமனார்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மழை விடும்வரை இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் புதிய நகல் அச்சாகி வந்துவிட்டது. வாரியம் தாராளமானது, வீடுகளோடு நிறுத்தவில்லை. அவர் இருந்த வார்டில், அவர் கட்டிலுக்கு நேர் எதிரே ஒன்றை மாட்டினார்கள். என் மனைவி அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு பாப்பா, பாக்கறேன்."

தள்ளி நின்றாள். அவர் நிதானமாகப் பார்த்தார், பஸ்ஸை எடுக்குமுன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதுபோல. காலைப் பிடித்திருக்கும் கிளார்க், கத்தி கவ்விய மேடம், தொப்பி.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"தொப்பி அவனுக்கு நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டார். "என் மூக்கைத்தான் கோணலா போட்டுட்டானுங்க."

இரண்டு நாளில் போய்விட்டார்.

இப்போது அவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். என் தொழிற்சாலைக் கேண்டீனில் இருக்கிறார். அவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. எங்கள் பின்னறையிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிவிட்டார்கள். அது ஏற்கெனவே பழுக்க ஆரம்பித்துவிட்டது. பார்வையாளர்கள் குறையவில்லை. முன்னறையில் கம்பங்களை மறுபடி நட்டார்கள், கயிற்றுக்குப் பதில் சங்கிலி. சமையல் மூலைத் தரை ஜில்லென்று ஏறி மனைவிக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளவே, இடம் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று நான் இரவில் பின்னறைக் கட்டிலில் படுக்க ஆரம்பித்தேன்.

"தினம் காலையில எங்க அப்பாவை உரிக்கறதைப் பாத்துட்டு என்னால மெஷின் மிதிக்க முடியாது" என்றாள் ஒரு நாள். "கழட்டச் சொல்லிக் கேக்கலாம் வாங்க."

இருவரும் வாரியத்துக்குப் போனோம். புகார்க் கவுண்டரில் அந்தக் கிளார்க் உட்கார்ந்திருந்தான். பதவி உயர்வு வந்திருந்தது. தலைக்குமேல் படம். படத்தில் காலைப் பிடித்திருந்தான். கீழே பேனாவைப் பிடித்திருந்தான். நிமிரவில்லை.

"சொல்லுங்க."

"படத்தைக் கழட்டணும்" என்றாள் மனைவி.

"கழட்டினா சுவர் தெரியுமே."

"சுவரைச் சரி பண்ணுங்க."

"சரி பண்ணிட்டா படம் பழுக்காதே." அவன் நக்கலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். பக்கத்திலிருந்த தாள்களைப் புரட்டினான். "உங்க வீட்டைப் பத்தி இங்கயே நெறைய குறை வந்திருக்கும்மா. வர்றவங்க எல்லாம் கட்டில் காலியா இருக்கு, காலியா இருக்குங்கறாங்க. அதுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

அப்போதுதான் நிமிர்ந்தான். மனைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கன்னத்தைப் பார்த்தான், கழுத்தெலும்பைப் பார்த்தான். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கினான், ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல.

"சார், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க" என்றான்.

மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். "இருமிடாதீங்க" என்றாள், உதடு அசையாமல்.

காலையிலிருந்தே தொண்டை அரித்துக்கொண்டிருந்தது.